கும்பத் மேடையில் வெயில் காய்ந்தவர்கள்

ஓய்வு பெற்ற ஒருவர் தன் அனுபவங்களைச் சொல்வார் என்று உங்களிடம் அறிவித்திருப்பார்கள். நரைத்த தலையும் மூக்குக் கண்ணாடியுமாக ஒருவரை எதிர்பார்த்திருப்பீர்கள். எனக்கு முப்பத்தெட்டு வயது. ஆராய்ச்சியை விட்டுவிட்டுப் போகிறேன், அவ்வளவுதான். அதற்கு அலுவலகத்தில் வேறு சொல் இல்லாததால் ஓய்வு என்று போட்டுவிட்டார்கள். பேசத்தான் சொன்னார்கள். நான் பேசினால் ரயில் மாதிரி போவேன், பாதி உங்களுக்குப் பிடிபடாது. அதனால் எழுதியே தருகிறேன்.

பாரம்பரியச் சுற்றுலா, உள்ளூர்ச் சமூகம் என்று தலைப்பு வைத்துக்கொண்டு நீங்கள் நால்வரும் டெல்லிக்கு வந்திருக்கிறீர்கள். கேள்வித்தாள் தயாரிப்பது, எத்தனை பேரைக் கேட்பது, எப்படிக் கூட்டிப் பெருக்குவது, இதையெல்லாம் வகுப்பில் சொல்லித் தருவார்கள். நான் தொடப்போவதில்லை. ஒருவர் நம்மை நம்பிச் சொன்னதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. எனக்குத் தெரிந்த ஒரே ஒரு சம்பவத்தை வைத்து அதைச் சொல்லப் பார்க்கிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. இது தனிமையான வேலை. வெளியிலிருந்து பார்த்தால் அப்படித் தெரியாது. நாள் முழுக்க மனிதர்களோடுதான் பேசிக்கொண்டிருப்போம், ஆனால் கேட்பது நாம், சொல்வது அவர்கள். நம்மைத் திருப்பி யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். நான் சேர்ந்த புதிதில் ஒரு பெரிய கல்லறைத் தோட்டத்தின் வாசலில் கேள்வித்தாளோடு நின்றிருந்தேன். திருவாரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பேருந்து நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். நான் வாயைத் திறந்ததும் ஒரு அம்மாள், "ஐயோ, தமிழா! இந்தப் புள்ளைய ஒரு நிமிஷம் பிடிம்மா" என்று குழந்தையை என் தோளில் சாய்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். ஒரு நிமிஷமாவது! எல்லாரும் சுற்றிப் பார்த்து முடித்து வரும்வரை குழந்தை என் தோளிலேயே தூங்கியது. ஒரு கேள்வித்தாள்கூட நிரம்பவில்லை. அந்த மாதத்தில் எனக்கு நன்றாக இருந்த நாள் அது ஒன்றுதான். முனிர்க்காவில் நான் தங்கியிருந்த மொட்டை மாடி அறைக்குத் திரும்பி, சட்டையிலிருந்த குழந்தையின் எச்சில் கறையைத் துவைக்காமல் வைத்திருந்தேன். சிரிக்காதீர்கள். உங்களுக்கும் வரும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்.கே.புரத்தில் அரசு ஊழியர் குடியிருப்புகளுக்கு நடுவே பழைய கல்லறைக் கட்டடம் ஒன்று உண்டு. தலையில் ஒரு குவிமாடம், சுற்றிலும் இடுப்புயரக் கல் மேடை. யாருடைய கல்லறை என்று எங்கும் எழுதியிருக்காது. அங்கே இருப்பவர்கள் கல்லறை என்றே சொல்ல மாட்டார்கள், கும்பத் என்பார்கள். பின்சுவரில் பையன்கள் சுண்ணாம்புக் கட்டியால் மூன்று கோடு போட்டு ஸ்டம்ப் வைத்திருந்தார்கள். தென் டெல்லியில் இப்படிக் கேட்பாரில்லாமல் கிடக்கும் கட்டடங்களை இணைத்து ஒரு நடைச் சுற்றுலாப் பாதை போடலாம் என்று திட்டம் வந்தது. கும்பத்தைச் சுற்றிக் கம்பி வேலி, பெரிய சாலைப் பக்கம் ஒரு கதவு, ஒரு காவலாளி. குடியிருப்புப் பக்கம் திறப்பு விடுவதா, முழுக்க மூடுவதா என்பதை மட்டும் முடிவு செய்யாமல் வைத்திருந்தார்கள். உள்ளூர்ச் சமூகம் அந்த இடத்தைப் பயன்படுத்துகிறதா என்று எங்கள் நிறுவனம் ஆராய்ந்து சொல்ல வேண்டும். அதை வைத்து முடிவெடுப்பார்கள். எங்கள் குழுவில் அந்தப் பகுதி கடைக்குட்டியான என் தலையில் விழுந்தது.

நான் போனது டிசம்பரில். டெல்லிக் குளிரைப் பற்றி ஊரில் யாரும் சரியாகச் சொல்வதில்லை. வெளியே குளிர்வதைவிட வீட்டுக்குள் அதிகம் குளிரும். அந்தக் குடியிருப்புகளில் பாதி வீடுகள் வடக்குப் பார்த்தவை, சூரியன் எட்டியே பார்க்காது. மொட்டை மாடிக்குப் பூட்டு. அதனால் அலுவலகம் போகிறவர்கள் போனதும் பெண்கள் ஒவ்வொருவராகக் கீழே இறங்கி வருவார்கள். ஒருத்தி கையில் பட்டாணி, ஒருத்தி கையில் வெந்தயக் கீரை, ஒருத்தி கையில் பாதி பின்னிய ஸ்வெட்டர். கும்பத்தின் தெற்குச் சுவரில் வெயில் விழும். மேடை ஏறிச் சுவரில் சாய்ந்து வரிசையாக உட்கார்ந்துவிடுவார்கள்.

நானும் ஏறிப் போனேன். தமிழ் முகமாகத் தெரிந்த ஒருவரிடம், "ஆன்ட்டி, கொஞ்சம் பேசலாமா?" என்றேன்.

"ஆன்ட்டியாம் ஆன்ட்டி. நான் ஆன்ட்டின்னா அந்தா ஸ்வெட்டர் பின்னுதாளே பஞ்சாபிக்காரி, அவ ஒனக்கு யாரு? அக்கான்னு கூப்பிடு. எந்த ஊரு?"

"சேலம், அக்கா."

"சேலமா" என்று யோசித்தார். "சரி, அதும் தமிழ்நாடுதான்."

எனக்கு ஆறுதல் சொல்வதுபோல அதைச் சொன்னார். செண்பகம் அக்கா. திருநெல்வேலிக்காரர். கணவர் ஒரு அமைச்சக அலுவலகத்தில் பிரிவு அதிகாரி. ஒரே மகள் சுதா, டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள்.

என் கேள்வித்தாளில் முதல் கேள்வி, எத்தனை தலைமுறையாக இங்கே வசிக்கிறீர்கள் என்பது. உள்ளூர்ச் சமூகம் என்றால் அப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று படித்திருந்தேன்.

"தலைமுறையா? அவிய ரிட்டயர் ஆனா வீட்டக் காலி பண்ணிட்டுப் போவணும். இதுல தலைமுறைய எங்க போயித் தேட?" என்றார் அக்கா. அப்புறம் என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீ ராத்திரி என்ன சாப்பிடுத?" என்றார்.

"பிரெட், அக்கா."

"பிரெட்டா! காய்ச்ச வந்தவல்லா பிரெட்டு திங்கணும்."

அந்த ஊருக்கு வந்த பிறகு என்னைத் திருப்பிக் கேள்வி கேட்ட முதல் ஆள் அவர். கேள்வித்தாளைப் பைக்குள் வைத்துவிட்டேன். அதன்பின் அந்தக் குளிர்காலம் முழுக்க அதை வெளியே எடுக்கவே இல்லை. பட்டாணி உரித்தேன், கீரை ஆய்ந்தேன், நூல் கண்டைப் பிடித்துக்கொண்டேன், காதைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

அக்காவுக்கு அந்த மேடை எப்படிப்பட்ட இடம் என்பது எனக்கு மெல்ல மெல்லத்தான் தெரிந்தது. கல்யாணமாகி டெல்லிக்கு வந்த முதல் சில வருஷங்கள் அவர் கீழே இறங்கியதே இல்லை. இந்தி தெரியாது, பயம். "ஒரு குளிர்காலம் முழுக்க பகல்ல யார்ட்டயும் பேசாம இருந்திருக்கேன்ட்டி. பேச்சு மறந்துருமோன்னு குக்கர்ட்ட பேசுவேன். அது விசிலடிச்சாவது பதில் சொல்லும்" என்றார். சுதா பிறந்து வளர்ந்ததும் பேச்சுத் துணை வந்துவிட்டதென்று நினைத்திருக்கிறார். "நான் தமிழ்ல கேப்பேன், அவ இந்தியில பதில் சொல்லுவா. தபால்ல சண்ட போட்ட மாரி இருக்கும்." ஒருநாள் சுதாவுக்குக் காய்ச்சல் வந்தபோது, பக்கத்துக் கட்டடத்துப் பஞ்சாபி ஆன்ட்டி வெயிலில் கிடத்தச் சொல்லி இருவரையும் கும்பத்துக்கு அழைத்து வந்திருக்கிறார். அன்றிலிருந்து அக்காவுக்கு அந்த இடம். "அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்குப் பஞ்சாபி தெரியாது. அதனால எங்களுக்குள்ள சண்டையே வரல" என்று சொல்லி அந்த ஆன்ட்டியின் தொடையில் ஒரு தட்டுத் தட்டுவார். அவரும் என்ன ஏதென்று கேட்காமல் திருப்பித் தட்டுவார்.

இன்னொன்றும் கவனித்தேன். அந்தச் சுவரில், உட்கார்ந்தவர்களின் தலை உயரத்தில், கருமையான வட்டங்கள் வரிசையாக இருந்தன. நூற்றாண்டுகள் பழைய சுண்ணாம்புப் பூச்சு, அதில் வருஷக்கணக்காகத் தலையெண்ணெய் ஊறி விழுந்த வட்டங்கள். ஒவ்வொன்றும் ஒருவருடைய இடம். அக்காவுடையது எல்லாவற்றையும்விடக் கறுப்பு, ஊர்த் தேங்காயெண்ணெய். எனக்கு ஒரு ஓரத்தை ஒதுக்கினார்கள். ஒரு சனிக்கிழமை, "தல என்ன, தேங்கா நார் மாரி கெடக்கு" என்று அக்கா என்னைப் பிடித்து உட்காரவைத்து உச்சி குளிர எண்ணெய் வைத்துவிட்டார். பிப்ரவரியில் என் இடத்திலும் மங்கலாக ஒரு வட்டம் விழுந்திருந்தது. அதைப் பார்த்து நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால், பழஞ்சின்னங்களைக் காக்க வந்த கூட்டத்தில் என்னை எப்படிச் சேர்த்தார்கள் என்று கேட்பீர்கள்.

வேலி வரப்போவதை மறைக்கவில்லை. எதற்காக அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்பதையும் சொன்னேன். குடியிருப்புப் பக்கத்தை அடைத்துவிட்டால் பெரிய சாலையைச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். காவலாளி இருப்பான். பட்டாணிக் கூடையோடு போனால் உள்ளே விடுவானா? எல்லாருக்கும் புரிந்தது. நான் உற்சாகமாக, "கவலைப்படாதீங்க அக்கா. நீங்க எத்தனை வருஷமா இங்க உட்கார்றீங்க, இந்த இடம் உங்களுக்கு எவ்வளவு முக்கியம், எல்லாத்தையும் விவரமா எழுதப் போறேன்" என்றேன். உண்மையிலேயே நம்பினேன். முனைவர் பட்டத்துக்காக எழுதிக்கொண்டிருந்த என் ஆய்வேட்டின் மிகச் சிறந்த அத்தியாயமே அதுதான் என்று மனதுக்குள் தலைப்புகூட வைத்துவிட்டிருந்தேன்.

அக்கா கீரை ஆய்வதை நிறுத்தினார்.

"எங்களப் பத்தி எழுதிராத."

"ஏன்க்கா?"

"அவிய ஆபீஸ்ல பைல் எப்படிப் போவும்னு எனக்குத் தெரியும்ட்டி. இங்க உக்காருதாவன்னு நீ எழுதுனா, உக்காரலாமான்னு ஒருத்தன் கேப்பான். கேட்டுட்டான்னா பொறவு கூடாதுன்னுதான் வரும். இதுவரைக்கும் யாரும் கேக்கல, அதனால உக்காந்திருக்கோம்."

அன்று மாடி அறையில் உட்கார்ந்து யோசித்தேன். எழுதினால், பழஞ்சின்னத்தின் மேல் காய்கறி உரிக்கிறார்கள், சுவரில் எண்ணெய் ஏற்றுகிறார்கள் என்று துரத்துவார்கள். எழுதாவிட்டால், குடியிருப்புப் பக்கமிருந்து யாருமே வருவதில்லை என்று சொல்லி அடைத்துவிடுவார்கள். எந்தப் பக்கம் போனாலும் அக்கா மறுபடி குக்கரோடு பேச வேண்டியதுதான். கலந்து பேச எனக்கு யாருமில்லை. வீட்டுக்குத் தொலைபேசி போட்டால் எஸ்.டி.டி. பூத்தில் ஓடும் காசைப் பார்த்துக்கொண்டே, "நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன்" என்று முடிந்துவிடும். உங்களுக்கு இப்போது கைப்பேசி இருக்கிறது. இருந்தும் அந்த மாதிரி நேரத்தில் யாரைக் கூப்பிடுவது என்று தெரியாது, பார்த்துக்கொள்ளுங்கள்.

என் வழிகாட்டி ஒரு மேடம். கறாரானவர், ஆனால் நியாயமானவர். பெயர் வேண்டாம். அவர் ஒருமுறை வேறு ஏதோ ஒரு அறிக்கையைத் திருத்தும்போது சொல்லியிருந்தார்: "இதை யார் படிப்பாங்கன்னு முதல்ல யோசி. சக ஆராய்ச்சியாளர் இல்ல. கையில பூட்டு வெச்சிருக்கிறவன்தான் முதல்ல படிப்பான்." அது அப்போது நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலையிலேயே போய், முதன்முறையாக மேடை ஏறாமல் தள்ளி நின்று பார்த்தேன். குடியிருப்பிலிருந்து ஆட்கள் சாப்பாட்டுப் பையோடு கும்பத்தைக் குறுக்காகத் தாண்டிப் பேருந்து நிறுத்தத்துக்குப் போனார்கள். மத்தியானம் பள்ளிப் பிள்ளைகள் அதே வழியில் திரும்பி வந்தார்கள். அவ்வளவு மாதமும் என் கண்ணெதிரே நடந்ததுதான். பட்டாணி உரித்துக்கொண்டே இருந்ததில் நான் பொருட்படுத்தவில்லை. அதை எழுதினேன். அதை மட்டும்.

மேடம் படித்துவிட்டு நிமிர்ந்தார். "மூணு மாசம் உட்கார்ந்திருந்தே. கடைசியில ஒரு பாதையா?"

"ஆமா மேடம்."

"வேற ஒண்ணும் பார்க்கலையா?"

"பார்த்தேன். எழுத முடியாது."

அறிக்கையை மூடி வைத்தார். "உன் ஆய்வேட்டுக்கும் இதுதான். தெரியுமில்ல? அங்க எழுதினா இங்க எழுதின மாதிரிதான்" என்றார். தெரியும் என்றேன். வருத்தமில்லை என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். அந்த அத்தியாயம் எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

முடிவு எடுப்பதற்கு முன்னால் அதிகாரிகள் குழு நேரில் பார்க்க வந்தது. பெண்கள் யாரும் சொல்லாமலே மாடி வீடுகளுக்கு ஏறிப் போய்விட்டிருந்தார்கள். பால்கனித் துணிகளுக்கு இடையே தலைகள் தெரிந்தன. குழுத் தலைவர் மரியாதையான மனிதர், அந்தக் கட்டடங்களை உயிராக நேசிப்பவர். அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். மேடையைச் சுற்றி வந்தவர் தெற்குச் சுவருக்கு வந்ததும் நின்றுவிட்டார். குனிந்து ஒரு வட்டத்தை விரலால் தடவி, மூக்கருகே கொண்டுபோனார்.

"எண்ணெய்" என்றார். "யார் இங்கே உட்காருவது?"

மேடம் என்னைப் பார்த்தார். இந்த மாதிரி நேரத்தில் தலைக்குள் வரிவரியாக யோசனை ஓடும் என்று நினைக்காதீர்கள். ஒன்றும் ஓடாது. வாய் தானாகப் பேசும். அதுவரை யாரோடு உட்கார்ந்திருந்தீர்களோ அவர்கள் பக்கமாகத்தான் பேசும்.

"நான்தான் சார்."

"நீங்களா?"

"குளிர்காலம் முழுக்க இங்கே உட்கார்ந்துதான் கவனித்தேன். ஓரத்தில் இருப்பது என் தலை."

"மற்றதெல்லாம்?"

"வெயில் நகரும் சார். நானும் கூடவே நகருவேன்."

அதில் பொய்யில்லை. வெயிலோடு நான் நகர்ந்தது உண்மைதான். முழு உண்மையும் இல்லை என்பது அவருக்கும் தெரிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அவர் என் தலையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடி தலையைப் பார்த்தார். அன்றைக்கென்று நான் எண்ணெய் வைத்து இறுகப் பின்னியிருந்தேன்.

"சுற்றுலாப் பயணிகளிடமிருந்து சின்னங்களைக் காப்பாற்றிவிடலாம்" என்றார் மெதுவாக. "ஆராய்ச்சியாளர்களிடமிருந்து யார் காப்பாற்றுவது?"

எல்லாரும் சிரித்தார்கள். நன்றாக, விட்டுச் சிரித்தார்கள். மதராசிகள் தலையில் ஊற்றும் எண்ணெயைப் பற்றி இன்னொருவர் ஏதோ சேர்த்தார், மறுபடி சிரிப்பு. நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தச் சிரிப்போடு அந்தக் கேள்வியும் போய்விட்டது. வேறு யார் உட்கார்ந்தார்கள் என்று அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. அப்போது பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் நாங்கள் நிற்பதைச் சட்டையே செய்யாமல் எங்களுக்கு நடுவே புகுந்து குடியிருப்புப் பக்கம் ஓடினார்கள். "ஓ, இது வழியா?" என்றார் தலைவர். "ஆமாம், அதைத்தான் எழுதியிருக்கிறோம்" என்று மேடம் சட்டென்று சொன்னார். அவர் சொன்ன விதத்தில் ஒரு அவசரம் இருந்தது. அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று அப்போது புரிந்தது.

திரும்பும்போது ஆட்டோவில் மேடம், "நீ செஞ்சது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா உன்னை இதுல வெச்சுக்க முடியாது. பாதுகாக்க வேண்டிய சுவரைப் பாழாக்கினவளை எப்படி வெச்சிருக்கீங்கன்னு கேட்பாங்க" என்றார். கேட்டார்கள். நான் அந்தத் திட்டத்திலிருந்து வெளியே வந்தேன். ஆய்வேட்டுக்கு வேறு தலைப்பு, ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து எழுதும் தலைப்பு, மனிதர்களே இல்லாதது. சில வருஷம் கழித்து ஒரு கருத்தரங்கின் தேநீர் இடைவேளையில், சுவர் முழுக்கத் தலையெண்ணெய் அப்பிய ஆராய்ச்சிக்காரியின் கதையை ஒருவர் என்னிடமே சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

நீங்கள் கேட்பீர்கள், அது சரியா என்று. நம் துறையில் நேர்மையானவர்கள் சிலர் தப்பு என்பார்கள். பார்த்ததைப் பார்த்தபடி எழுதினால்தான் நாளை அந்த மாதிரி இடங்களுக்கு நியாயம் பேச முடியும் என்பார்கள். அவர்களிடம் வாதாட என்னிடம் எதுவுமில்லை. என்னால் சொல்ல முடிந்தது இதுதான்: என்னை எழுதாதே என்று ஒருவர் சொன்னால், எழுதாதீர்கள். உங்கள் பட்டம் தள்ளிப் போகட்டும். ஆனால் எழுதாமல் விடுவதும் அவர்களுக்கு வலிக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு விடுங்கள். இது எனக்கு அடுத்த குளிர்காலம் வரைக்கும் தெரியாது.

அடுத்த குளிர்காலத்துக்குள் வேலி வந்துவிட்டது. குடியிருப்புப் பக்கம் ஒரு ஆள் நுழையும் அளவுக்குத் திறப்பு விட்டிருந்தார்கள், பூட்டில்லாமல். பஞ்சாபி ஆன்ட்டி பக்கவாட்டில் திரும்பித்தான் வர முடிந்தது. அதைச் சொல்லிச் சொல்லி அக்கா அவரை ஒரு வழி பண்ணிக்கொண்டிருந்தார். சுவரை ஏதோ பூசிச் சுத்தம் செய்து வட்டங்களை எடுத்துவிட்டிருந்தார்கள். பெண்கள் சால்வையை மடித்துத் தலைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு அதே வரிசையில் சாய்ந்திருந்தார்கள். காவலாளி சாலைப் பக்கக் கதவில் முதுகைக் காட்டிக்கொண்டு தூங்கினான்.

அச்சான அறிக்கையின் ஒரு பிரதியை மேடம் எனக்குக் கொடுத்திருந்தார். வழவழத் தாள், வண்ணப் படங்கள், கனமான புத்தகம். நல்ல செய்தி சொல்லப் போகிறவள் மாதிரி அதைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சுதாவுக்கு அன்று விடுமுறை, அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள்.

"இதுல நம்ம எடம் வந்துருக்கா?" என்று அக்கா சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, சுதாவிடம் கொடுத்தார். "படி."

சுதா ஆங்கிலத்தில் கடகடவென்று படித்தாள். குவிமாடம், வளைவுகள், யார் காலத்தியது, எல்லாம். அக்கா ஒவ்வொரு பத்திக்கும் தலையாட்டிக் காத்திருந்தார்.

"அப்புறம்?"

"அப்புறம் குவார்ட்டர்ஸ் ஆளுங்க இது வழியா பஸ் ஸ்டாப்புக்குப் போறாங்கன்னு இருக்கு."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்மா. அடுத்தது வேற கும்பத்."

"நல்லாப் பாரு."

"பாத்துட்டேன்மா. குச் நஹி ஹை, ஒண்ணும் இல்ல."

அக்கா என் பக்கம் திரும்பினார். "நான் என்னைக்குட்டி பஸ் ஸ்டாப்புக்குப் போனேன்? இங்கன உக்காந்துல்லா இருந்தேன்."

"அக்கா, நீங்கதானே…"

"நாந்தான் எழுதாதன்னேன். இல்லன்னு சொல்லலியே. நீ எழுதாம இருந்ததாலதான் அந்த வழியே இருக்குன்னும் தெரியும். இருந்தாலும் இம்புட்டுப் பெரிய பொஸ்தகத்துல, ஒரு மூலையில, ஒருத்தி இங்கன வெயில் காஞ்சான்னு…" புத்தகத்தை மூடி, அட்டையில் ஒட்டியிருந்த நூல் இழையை எடுத்துப் போட்டார். பஞ்சாபி ஆன்ட்டி பின்னுவதை நிறுத்திவிட்டு, "க்யா ஹுவா?" என்று விசாரித்தார். "குச் நஹி" என்றார் அக்கா.

வந்திருக்கவே வேண்டாமோ என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்சம் கழித்து அவரே கேட்டார். "ஒம் பேரு எந்தப் பக்கத்துல இருக்கு? சுதா, அக்கா பேரு எங்க இருக்குன்னு பாரு."

சுதா முதல் பக்கங்களைப் பார்த்தாள். நன்றி சொல்லும் பக்கத்தைப் பார்த்தாள். கடைசிப் பக்கத்தையும் பார்த்தாள்.

"உங்க நேமும் இல்லையே, தீதி."

"எடுத்துட்டாங்க" என்றேன்.

"என்னத்துக்கு?" என்றார் அக்கா.

அன்று பால்கனியிலிருந்து அவர்கள் பார்த்தது பெரிய மனிதர்கள் சிரித்ததை மட்டும்தான். எதற்கு என்று நான் சொன்னதே இல்லை. இப்போது சொன்னேன். அதிகாரி விரலை மோந்து பார்த்தது, என் தலை என்று நான் சொன்னது, அவர் என் பின்னலைப் பார்த்தது, எல்லாம். அக்கா வாயைத் திறந்தபடி கேட்டார். திரும்பிச் சுத்தமான சுவரை ஒரு தரம் பார்த்தார். பிறகு ஒரு சிரிப்பு, தலைக்குப் பின்னால் மடித்து வைத்த சால்வை கீழே விழும்படி. தன் இந்தியில், பாதி கையாலும் பாதி தலையாலும், பஞ்சாபி ஆன்ட்டிக்கு முழுக்கதையையும் நடித்தே காட்டினார். ஆன்ட்டி ஊசியைக் கீழே போட்டுவிட்டு என் தலையைப் பிடித்து ஆட்டினார். சிரிப்பு அடங்க வெகு நேரமானது. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஒம் பேரும் இல்லியா" என்றார் இன்னொரு தரம், தனக்குள் சொல்வதுபோல.

"இல்லக்கா."

"அப்ப சரி" என்றார். "இந்தப் பக்கம் தள்ளி உக்காரு. அங்கன நெழல் வந்துட்டு."